பசலையை விலைக்கு வாங்கும் தமிழர்!

ஓரினத்தை அடிமைப்படுத்த விரும்புவோர் முதலில் அவ்வினத்தின் நிலத்தைப் பறிப்பர். பின்னர் அதன் மொழியைப் பறிப்பர். இறுதியில் அதன் மேனியையே அதற்குப் பகையாக்குவர். நிலத்தை இழந்தவன் அதனை மீட்கப் போராடுவான். மொழியை இழந்தவன் என்றேனும் ஒருநாள் உணர்ந்து நாணுவான். தன் தோலையே வெறுக்கக் கற்றுக்கொண்டவனோ, அவ்வெறுப்பிற்கான கருவியைத் தானே கடைக்குச் சென்று காசு கொடுத்து வாங்கி, காலையிலும் மாலையிலும் தன் முகத்தில் தானே பூசிக்கொள்வான். பகைவனுக்குச் செலவுமில்லை; உழைப்புமில்லை!

தமிழ்நாட்டில் இன்று நடப்பது இதுவே. எந்தச் சிற்றூரின் எந்தப் பெட்டிக்கடையிலும், வெற்றிலைக்கும் புகையிலைக்கும் பக்கத்தில், முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் பூச்சுகளின் சிற்றுறைகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. அரிசிக்கும் பருப்பிற்கும் கடன் சொல்லும் வீட்டிலும் அவ்வுறைக்கு மட்டும் காசு இருக்கின்றது. களையெடுத்துத் திரும்பும் தாய், மகளுக்கு முட்டை வாங்க முடிந்து வைத்த காசு அங்கே போகின்றது. அம்மகளோ, பள்ளியில் ‘கறுப்பி’ என்று கேலி செய்யப்பட்டு, கண்ணாடியின் முன் நின்று, தன் தாயிடமிருந்து தனக்கு வந்த நிறத்தைத் தேய்த்துத் தேய்த்து அழிக்க முயல்கின்றாள். அவள் அழிக்க முயல்வது அழுக்கையா? தன் தாயை! தன் பாட்டியை! இந்த வெயிலில் வாழ்ந்து, இந்த மண்ணை உழுது, இந்த மொழியைப் பேசிய தன் முன்னோர் அனைவரையும்!

தோலைப் பேணுவது தவறன்று, பேணாதிருப்பதே தவறு. நலமான தோல் நலமான உடலின் அடையாளம். ஆனால் தோலைப் பேணுதல் வேறு. தோலைப் பழித்தல் வேறு. முன்னதற்குத் தேவையானவை எளியவை. பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை. பின்னதை நடத்துவதற்கே பன்னாட்டு முதலும் திரைப்பட முகங்களும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழர் மறந்ததால் விளைந்த கேடுகள் கொஞ்சமல்ல.

களவு போன சொல்

சீரழிவு எப்பொழுதும் சொல்லிலேயே தொடங்குகின்றது. ‘பெண் நல்ல நிறம்’ என்று பெண் பார்த்து வந்தவர்கள் சொல்கின்றனர். ‘நிறம் சற்று மட்டு, மற்றபடி குறையில்லை’ என்று வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்கின்றனர். இவ்விரு தொடர்களையும் ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்த்த தமிழர் எத்தனை பேர்? நிறம் என்பது பொதுச்சொல். கருமையும் நிறமே, செம்மையும் நிறமே, மஞ்சளும் பச்சையும் நிறமே. அப்பொதுச்சொல்லை வெளுப்பு ஒன்றற்கே உடைமையாக்கி, கருமையை நிறமே இல்லாத குறையாக்கிவிட்டது இற்றை வழக்கு. ஒரு சொல் களவு போயிற்று. களவு போனதை வீட்டார் இன்னும் அறியவில்லை!

செய்தித்தாள்களின் ‘மணமகள் தேவை’ விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்பது கல்விக்கும் பண்பிற்கும் முன்னே நிற்கின்றது. கறுத்த பெண்ணைப் பெற்ற தந்தை கூடுதல் பொன்னும் கூடுதல் பணமும் கொடுத்து அக்‘குறையை’ ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது. பெற்ற மகளின் தோலுக்குத் தண்டம் கட்டுகின்ற குமுகாயம் உலகில் உருப்படுமா?

தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டு சொற்களையும் இணையாக வைத்துப் பேசுகின்றது. இரண்டும் சினத்தைக் குறிக்கும். இரண்டும் நிறத்தைக் குறித்தற்கும் உரியன. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் பேச்சே அங்கில்லை. அப்பேச்சு பின்னர் வந்து ஒட்டியது. குலப்பாகுபாட்டைக் குறிக்கும் வருணம் என்னும் வடசொல்லுக்கு நிறம் என்றே பொருள் இருப்பதைத் தமிழர் கருதிப் பார்க்கட்டும். உழைப்பவன் வெயிலில் கறுக்கின்றான். அவன் உழைப்பில் உண்பவன் நிழலில் வெளுக்கின்றான். வெளுப்பை உயர்வென்று ஆக்கியவர்கள் நிழலில் இருந்தவர்களே என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. அதன்மேல் வெள்ளையராட்சி வந்து அமர்ந்தது. ஆள்பவன் நிறமே அழகின் நிறம் என்னும் அடிமை எண்ணம் வேரூன்றிற்று. வெள்ளையன் போன பின்னும் அவ்வெண்ணம் போகவில்லை. திரைப்படம் அதற்கு நீர் வார்த்தது. கறுத்த தலைவனைத் தமிழ்த்திரை ஏற்றுக்கொண்டது. கறுத்த தலைவியை ஏற்க மட்டும் அதற்கு மனம் வரவில்லை. தமிழே அறியாத வெளுத்த முகங்களை வடக்கிலிருந்து வரவழைத்து, வேறொருத்தியின் குரலைப் பொருத்தி, ‘இவளே தமிழ்ப்பெண்’ என்று காட்டிற்று. தமிழ்ப்பெண்ணிடமிருந்து முகத்தையும் குரலையும் ஒருசேரப் பிரித்த கொடுமை அது!

முன்னோர் கண்ட அழகு

கழக இலக்கியங்களில் தலைவியின் மேனிக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கூறுவர். அந்நிறமுடையவளை மாயோள் என்று புலவர்கள் அழைத்தனர். முல்லை நிலத்தின் தெய்வத்தை மாயோன் என்றனர். மழை தரும் முகிலைக் கார் என்றனர். வானம் பார்த்த நிலத்திலும் ஈரத்தைக் காத்து வைத்துப் பருத்தி விளைவிக்கும் மண்ணைக் கரிசல் என்றனர். கண்ணுக்கு உவமையாகக் கருங்குவளையைக் காட்டினர். கருமையைக் கண்டு முகஞ்சுளித்தவன் இம்மொழியை ஆக்கியிருக்க முடியாது.

சரி, மேனி வெளுப்பதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன? பசலை! பிரிவுத் துயரால் உண்ணாமலும் உறங்காமலும் வாடும் தலைவியின் மேனியில் படரும் வெளிறிய நிறமே பசலை. அதனைப் பீர்க்கம்பூவின் நிறத்தோடும் பொன்னின் நிறத்தோடும் ஒப்பிட்டனர் புலவர். பொன்போல் இருந்தும் அதனை யாரும் அழகென்று கொள்ளவில்லை. அழகைத் தின்னும் நோயென்றே கொண்டனர். குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி, தன் மாமையழகு தனக்கும் உதவாமல் தன் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகின்றதே என்று வருந்துகின்றாள். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய ஆவின் பாலை அதற்கு உவமை காட்டுகின்றாள். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என 119-ஆம் அதிகாரம் முழுவதும் இத்துயரையே பேசுகின்றது.

எவ்வளவு பெரிய மாற்றம்! அன்று தலைவி எதனைக் கண்டு அழுதாளோ, அதனையே இன்று அவள் வழிவந்தவள் காசு கொடுத்து வாங்குகின்றாள். அன்று பசலை மாமையை உண்டது. இன்று பசலைக்கு மாமையை ஊட்டுவதற்கென்றே ஒரு வணிகம் நடக்கின்றது.

பேச்சு வழக்கில் இவ்வுண்மை இன்னும் அழியவில்லை. நெடுநாள் கழித்து ஊர்வந்த மகளைக் கண்ட தாய், ‘ஏன் இப்படி வெளுத்துப் போய்விட்டாய்?’ என்றுதானே கேட்கின்றாள்? வெளுத்தல் என்றால் குருதி குன்றுதல்; நோயுறுதல். சோகை என்றும் அதற்குப் பெயர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் உள்ளே உண்மையாகவே வெளுத்துக் கிடக்கின்றனர். அவர்களிடம் வெளியே வெளுக்க மருந்து விற்கின்றனர்! முருங்கைக்கீரைக்கும் முட்டைக்கும் போகவேண்டிய காசு களிம்புக்குப் போகின்றது. இதைவிடக் கொடிய கேலி வேறு உண்டா?

தோலின் வேலை என்ன?

தோல் என்பது ஓவியம் தீட்டுவதற்கு நீட்டிய துணியன்று. அது உடலின் உறுப்பு. வளர்ந்த மாந்தனின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். உடலின் வெப்பத்தை ஆள்வதும், நீரை உள்ளே நிறுத்துவதும், நுண்ணுயிர்களை வெளியே நிறுத்துவதும் அதன் வேலை. அதன் மேற்புறம் ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. பழைய செதில்கள் உதிர, கீழிருந்து புதியவை மேலெழுகின்றன.

தோலுக்குக் கருமை தருவது மெலனின் எனப்படும் கருநிறமி. அதனைச் செய்யும் உயிரணுக்கள் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமியின் அளவிலும் வகையிலும், அது தோலில் பரவியிருக்கும் முறையிலுமே வேறுபாடு. கதிரவனின் புறவூதாக் கதிர்கள் உயிரணுக்களின் உட்கருவைச் சிதைக்காமல் காப்பது இந்நிறமியே. தமிழகம் நேர்வரையின் 8 பாகைக்கும் 14 பாகைக்கும் இடையில், நடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. இங்கே ஞாயிறு தலைக்கு நேரே நின்று எரிக்கின்றது. இந்நிலத்தில் வாழ்வோர்க்கு இயற்கை கொடுத்த குடையே கருமை. வெளுத்த தோலுடையோர் கடும் வெயில் நாடுகளில் குடியேறித் தோற்புற்றால் துன்புறுவதும், கறுத்த தோலில் அந்நோய் அரிதாக இருப்பதும், கறுத்த தோலில் சுருக்கங்கள் பிந்தி விழுவதும் மருத்துவம் அறிந்த உண்மைகள். இயற்கை பிடித்த குடையைப் பிடுங்கி எறிவதற்குக் காசு கொடுப்பவனை என்னென்று சொல்வது?

வணிகரின் சூழ்ச்சி

1888-ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்தில் இங்கிலாந்தின் இலீவர் உடன்பிறப்பினர் செய்த ‘சன்லைட்’ வழலைக்கட்டிகள் பெட்டிபெட்டியாக வந்திறங்கின. சோப்பு என்று கடைத்தெரு சொல்லும் வழலை அவ்வாறே பெருவணிகப் பொருளாயிற்று. அதற்கு முன் தமிழர் அழுக்கோடு திரிந்தார்களா? துணிக்கு உவர்மண், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், உடலுக்குப் பயற்றமாவு என்று பொருளறிந்து பிரித்து வைத்திருந்தனர். காரம் மிகுந்த உவர்மண்ணைத் துணிக்கு வைத்தார்களே ஒழிய உடலில் தேய்க்கவில்லை. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை உடையது; வழலையோ காரத் தன்மை உடையது. நாளுக்கு இருமுறை மூன்றுமுறை வழலை தேய்ப்பவர் தோலின் இயற்கை நெய்ப்பு போய், தோல் வறண்டு, வெடித்து, அரிக்கின்றது. அவ்வரிப்பிற்கு அதே வணிகன் ஒரு களிம்பு விற்கின்றான். புண்ணையும் விற்று மருந்தையும் விற்கும் வணிகம்!

1975-ஆம் ஆண்டில் இந்துசுத்தான் இலீவர் குழுமம் ‘பேர் அண்டு இலவ்லி’ என்னும் பூச்சைக் கொணர்ந்தது. வெளுப்பையும் அழகையும் ஒன்றோடொன்று கட்டிய பெயர் அது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, மணமகன் கிடைக்கவில்லை. பூசினாள், வெளுத்தாள், இரண்டும் கிடைத்தன என்று பல்லாண்டுகள் விளம்பரங்கள் கதை சொல்லின. பின்னர் ஆடவரையும் அவ்வலையில் வீழ்த்தினர். 2009-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மகளிர் அமைப்பு, ‘கருமை அழகானது’ என்னும் பொருளில் ஓரியக்கம் தொடங்கி இவ்விழிவை எதிர்த்தது. அவ்வியக்கத்தின் பெயர் ஆங்கிலத்தில் அமைந்தது வருந்தத்தக்கதாயினும், செயல் போற்றத்தக்கது. 2014-ஆம் ஆண்டில் விளம்பரத் துறையின் தற்கட்டுப்பாட்டு அமைப்பே, கறுத்தோரை அழகற்றவராகவும் வாழ்வில் தோற்றவராகவும் காட்டலாகாது என்று நெறி வகுத்தது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சியார்சு பிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டு, உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான எழுச்சி ஓங்கியபோது, 45 ஆண்டுகள் விற்ற பெயரில் இருந்த ‘பேர்’ என்னும் சொல்லை அகற்றி, ‘குளோ அண்டு இலவ்லி’ என்று மாற்றினர். பெயர் மாறிற்று. 45 ஆண்டுகளில் கோடிக்கணக்கான பெண்களின் உள்ளத்தில் ஏற்றிய நஞ்சை எந்த அறிக்கை இறக்கும்?

உள்நாட்டு வணிகரும் இதில் இளைத்தவரல்லர். ‘மூலிகை’ என்றும் ‘பழந்தமிழ் முறை’ என்றும் சிட்டை ஒட்டி, உள்ளே என்ன உள்ளது என்று ஒரு வரியும் எழுதாமல் விற்போர் பலர். தமிழ்ப்பெயர் இட்டதனால் ஏமாற்று ஏமாற்றாகாமல் போய்விடாது. தமிழைச் சொல்லித் தமிழரை ஏய்ப்பவன் அயலானினும் கொடியவன்.

பூச்சில் ஒளிந்த நஞ்சு

விரைவில் வெளுப்பு வேண்டுமென்று வெறிகொண்டோர்க்கென்றே, செய்தவர் பெயரும் இல்லாத மலிவுக் களிம்புகள் வருகின்றன. அவற்றுள் பலவற்றில் பாதரசம் எனப்படும் இதளியம் உள்ளது. அது கருநிறமி உண்டாவதைத் தடுக்கும். அதனாலேயே சில நாள்களில் முகம் வெளுக்கும். தோலின் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தை அழிக்கும். பூசியவளின் கையும் துணியும் பட்டுக் குழந்தைக்கும் அந்நஞ்சு செல்லும். கேரளத்து மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில், 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆய்ந்தனர். அவர்களுள் 15 பேர்க்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அப் 15 பேருள் 13 பேர் நோய் தோன்றுமுன் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள்! சப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவின் இதளியம் மீன்வழியே மக்களை முடமாக்கியது 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. பத்து இலக்கத்தில் ஒரு பங்கிற்கு மேல் இதளியம் கலந்த ஒப்பனைப் பொருள்களை 2020-ஆம் ஆண்டோடு ஒழிப்பதாக அதில் உறுதி பூண்டன. 2018-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஆயினும் களிம்பு வருகின்றது; வாங்குவோர் இருக்கும்வரை வரும்.

மற்றொரு நஞ்சு இசுடீராய்டு. மருத்துவர் தோல்நோய்க்கு அளவறிந்து, நாளறிந்து தரும் மருந்து அது. அதனை முகவெளுப்புக் களிம்பாகத் திங்கள் கணக்கில் பூசுகின்றனர். முதற்கிழமையில் முகம் மின்னும். பின்னர் தோல் தாள்போல் மெலியும், குருதிக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும், பெண்ணின் முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் தீப்பட்டாற்போல் எரியும். அஞ்சி மீண்டும் பூசுவர். கள்ளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2011-இல் வெளிவந்த ஓராய்வு, இந்தியாவின் பல நகரங்களில் முகத்தோல் சிக்கலோடு வந்த 2926 பேரைப் பார்த்தது. அவர்களுள் 433 பேர் இத்தகைய மருந்தை முகத்தில் பூசி வந்தவர்கள். 2018 மார்ச்சில் நடுவணரசு, இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை தாளில் இருந்தால் போதாது. கடைக்காரனிடம் கேட்கும் துணிவு வாங்குவோர்க்கும் வேண்டும்.

நாளும் செய்யத்தக்கவை

நல்ல தோலுக்கு வழி என்ன? மறைபொருள் எதுவுமில்லை. பாட்டியர் செய்தவற்றுள் பெரும்பகுதியும் இற்றை மருத்துவர் சொல்பவற்றுள் பெரும்பகுதியும் ஒன்றே.

முதலாவது நீர். புறத்தின் தூய்மை நீராலேயே அமைந்துவிடும் என்பது வள்ளுவர் வாக்கு. வாய்மை அதிகாரத்தின் எட்டாம் குறள் அது. காலையிலும் வேலை முடிந்து திரும்பிய மாலையிலும் தண்ணீரில் முகங்கழுவுதலும், நாள்தோறும் குளித்தலும் போதும். வியர்வையும் மண்ணும் படிந்த இடங்களுக்குப் பயற்றமாவு தேய்க்கலாம். பாசிப்பயற்றை வெயிலில் உலர்த்தி நன்றாக அரைத்துச் சலித்துக் காற்றுப்புகாத ஏனத்தில் வைத்துக்கொள்ளலாம். நலங்குமாவில் சேரும் கார்போகரிசி சிலர்க்கு வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கும். ஆதலால் நாள்வழக்கிற்குத் தனிப்பயறே நன்று. முதுகிற்கும் காலுக்கும் முற்றிய பீர்க்கங்கூடு நல்ல தேய்ப்பான். முகத்திற்கு அது வேண்டா. வழலை தேவையானால் கை கால்களுக்கும் அக்குளுக்கும் அளவோடு பயன்படுத்தலாம். மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் கைகழுவ வழலை இன்றியமையாதது. அதில் எந்த வீம்பும் கூடாது.

இரண்டாவது எண்ணெய் முழுக்கு. கிழமைக்கு ஒருமுறை நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தலைமுதல் கால்வரை தேய்த்து, அரைமணி கழித்து வெந்நீரில், சீயக்காயோ உசிலை மரத்தின் இலையாகிய அரப்போ தேய்த்துக் குளிப்பது தோலின் நெய்ப்பைக் காக்கும். பனிக்காலத்தில் தோல் வெடிப்போர், குளித்து ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் சில துளி தடவிக்கொள்ளலாம். முகப்பரு மிகுந்த இளையோர் முகத்தில் எண்ணெய் தேய்க்காமல் விடுவதே நன்று. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் வடுவையே மிச்சமாக்கும்.

மூன்றாவது மஞ்சள். அதனைப் பூசுவது வெளுப்பதற்காகவா? தோலில் நுண்ணுயிர் தொற்றாமல் காப்பதற்காகவே தமிழ்ப்பெண்கள் அதனைப் போற்றினர். கடையில் விற்கும் பொடியில் நிறத்திற்காக ஈயக் குரோமேட்டு என்னும் நஞ்சைக் கலக்கும் கயவரும் உள்ளனர். கிழங்காக வாங்கிக் கல்லில் உரைத்துக்கொள்வதே ஏதமற்றது.

நான்காவது வெயிலும் நிழலும். காலை வெயில் எலும்பிற்கு உறுதி தரும். முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரையுள்ள வெயில் எந்த நிறத் தோலையும் சுடும். குடையும் முண்டாசும் முக்காடும் இதற்காகவே தோன்றின. வயலிலும் சாலையிலும் உழைப்போர்க்கு நண்பகலில் நிழலும் குடிநீரும் தருவது அவர்களை வேலை வாங்குவோர் கடமை. தோல்நலம் என்பது ஒப்பனையறையின் செய்தி மட்டுமன்று. உழைப்போர் உரிமையின் செய்தியுமாகும்.

ஐந்தாவது உணவும் உறக்கமும். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, மீன், முட்டை, நெல்லி, கொய்யா ஆகியவை தோலை உள்ளிருந்து கட்டுபவை. புகையும் கள்ளும் அதனை உள்ளிருந்து சிதைப்பவை. இரவில் ஏழெட்டு மணிநேரம் உறங்கியவரின் முகத்தெளிவை எந்தக் குப்பியும் தராது.

ஆறாவது மருத்துவரிடம் மறைக்காமை. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டால், அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். உடனே காட்டினால் முற்றும் குணமாகும். பூசி மறைத்தால் விரல்கள் போகும். வெண்புள்ளி தொற்றுநோயன்று. அதனை ‘வெண்குட்டம்’ என்று அழைத்து எத்தனை பேரின் வாழ்வைக் கெடுத்தனர்! வெண்புள்ளி என்னும் நல்ல தமிழ்ச்சொல் அவர்கள் தலைமேலிருந்த பழியை இறக்கி வைத்தது. ஒரு சொல்லைத் திருத்தினால் ஒரு வாழ்வு திருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறுப்போர்க்கு விடை

‘அவரவர் முகம், அவரவர் விருப்பம், இதில் மொழியும் இனமும் எங்கு வந்தன?’ என்று சிலர் கேட்கின்றனர். பத்து அகவைச் சிறுமி தன் நிறத்தை வெறுப்பது அவள் விருப்பமா? அவள் பிறந்த நாளிலேயே ‘குழந்தை கறுப்பா, சிவப்பா?’ என்று கேட்ட உற்றாரின் வாய் அன்றோ அவ்விருப்பத்தை ஊட்டியது? ‘பொன்மேனி என்று தமிழிலும் பாடியுள்ளனரே’ என்பர் வேறு சிலர். பாடியுள்ளனர், மறுப்பில்லை. தமிழர் எல்லாரும் ஒரே நிறத்தவர் அல்லர். வெளுத்த தமிழச்சியை இகழ்வதும் அறிவுடைமையாகாது. எந்த நிறத்தையும் ஏணியில் ஏற்றவும் வேண்டா. குழியில் தள்ளவும் வேண்டா என்பதே வேண்டுகோள். வடிவு, எழில், கவின், வனப்பு, பொலிவு, களை என்று அழகிற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! அவற்றுள் ஒன்றேனும் வெளுப்பைக் குறிக்கின்றதா? ‘முகம் களையாக இருக்கின்றது’ என்று கறுத்த முகத்தையும் வெளுத்த முகத்தையும் ஒரே நாவால் பாராட்டத் தெரிந்த மொழி இது.

ஆகவே மாற்றம் வீட்டிலும் நாவிலும் தொடங்கட்டும். ‘நல்ல நிறம்’ என்னும் தொடரை வெளுப்பிற்கு வழங்குவதைத் தமிழர் இன்றே நிறுத்தட்டும். மணமகள் விளம்பரத்தில் நிறத்தைக் கேட்கும் வீட்டில் பெண் கொடோம் என்று பெற்றோர் உறுதி பூணட்டும். கறுத்த மாணவியை நாடகத்தில் அரசியாக நிறுத்த ஆசிரியர்கள் முன்வரட்டும். பெட்டிக்கடையின் சிற்றுறைக்குச் செல்லும் காசு கீரைக்கும் முட்டைக்கும் செல்லட்டும்.

தமிழில் மெய் என்னும் ஒரே சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். மெய்யைத் தூய்மையாக வைத்திருப்பது தமிழர் கடமை. அதன்மேல் பொய்யைப் பூசாதிருப்பதும் அக்கடமையின் பாதியே. மாமை மீளட்டும்! பசலை ஒழியட்டும்!